சிறுநீர் கலங்கலாகப் போனால் சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 43, தையல் வேலை. ஒரு மாதமாக எனக்குச் சிறுநீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாகப் போகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதிகம். எரிச்சல், வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தால் அடியில் மாவு மாதிரி வெள்ளையாகத் தங்குகிறது. மெடிக்கலில் ஐந்து நாள் மாத்திரையும் ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். இரண்டு நாள் தெளிந்தது, மறுபடியும் அதே கதை. வேறு மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சிரப்பை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன். மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரை, வாயுத் தொல்லைக்கு அடிக்கடி சோடா உப்புப் பொடி எடுப்பேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். லேப் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எங்கள் பக்கம் யானைக்கால் நோய் உண்டே, அதுவாக இருக்குமோ?

என் அத்தைக்கு (மாமியார், வயது 74, சர்க்கரை நோயாளி) நேற்றிலிருந்து சிறுநீர் கலங்கலாக, நாற்றத்தோடு போகிறது. குளிர் எடுத்துப் படுத்தே கிடக்கிறார்கள். என் சிரப்பையே அவர்களுக்கும் கொடுக்கலாமா? 20 வயது மகனும் கலங்கலாகப் போகிறது என்கிறான். யாரிடமோ லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறான், கேட்டால் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் முதலில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் அத்தையைப் பற்றி. கடிதம் கிடைத்த அன்றே அதற்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வீட்டில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உள்ள 74 வயதுப் பெண்மணிக்குச் சிறுநீர் கலங்கி, நாற்றமடித்து, குளிரும் எடுத்து, எழுந்து நடமாட முடியாமல் படுத்துவிட்டால் அது சிரப் கொடுத்துப் பார்க்கிற கட்டம் இல்லை. கிருமி சிறுநீர்ப்பையில் இருக்கும்வரை எரிச்சல், கடுப்பு, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, இவ்வளவோடு நிற்கும். குளிர் நடுக்கம் வந்துவிட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, ஒருவேளை ரத்தத்திலும் கலந்திருக்கலாம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமலும் போகலாம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, தூங்கிக்கொண்டே இருப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, கை கால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைந்துபோவது, இவற்றில் எது தெரிந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையோ வேறு மருத்துவமனையோ, ரத்தப் பரிசோதனையும் ஊசி வழியாக மருந்தும் தர வசதியுள்ள இடமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு இந்தத் தொற்று சிறுநீரகத்துக்குள்ளேயே வாயு உண்டாகும் அளவுக்கு முற்றிவிடும். அந்த நிலைக்குப் போய்விட்டால் உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

போகும்போது அத்தை சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகை மாத்திரைகளை இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை. நல்ல மருந்துகள்தான். ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வருவதற்கு அவை இடம் கொடுக்கும். அதோடு, ஒருவர் சாப்பிட முடியாமல் வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடக்கிற நாட்களில் அவற்றைத் தொடர்வது ஆபத்தாகவும் முடியலாம். எதை நிறுத்திவைப்பது, எதற்குப் பதிலாக இன்சுலின் போடுவது என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்ய அந்தப் பை உதவும்.

சரி, இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் நான் பார்த்தவை இவை. சிறுநீர் காரத்தன்மை. அல்புமின் (புரதம்) இல்லை. சர்க்கரை இல்லை. சீழ் அணுக்கள் 2 முதல் 4. சிவப்பணுக்கள் இல்லை. கடைசி வரியில் 'அமார்ஃபஸ் ஃபாஸ்பேட்' என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. உங்களைத் தூங்கவிடாமல் செய்திருப்பது இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். எனக்கு நிம்மதி தந்ததும் அதே வரிதான்.

ஃபாஸ்பேட் என்பது நாம் சாப்பிடும் பால், பருப்பு, தானியம், முட்டை, மீன் என எல்லாவற்றிலும் இருக்கிற ஓர் உப்பு. உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். சிறுநீர் அமிலமாக இருக்கும்வரை அது கரைந்தே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சிறுநீர் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிர்த்தன்மையாக, மாறினால் கரைந்திருந்த உப்பு திரிந்து வெள்ளையாக மிதக்கும். உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, ஏறக்குறைய அதுபோலத்தான். கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் தங்கும். நீங்கள் பாட்டிலில் பார்த்த மாவு அதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதோடு சரியாகப் பொருந்துகிறது. சாப்பிட்டதும் உணவைச் செரிக்க வயிறு அமிலத்தைச் சுரக்கும். அமிலம் வயிற்றுக்குள் போகப் போக ரத்தத்தில் காரம் சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் காரத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பும். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிறுநீர் காரமாவதும், சிலருக்குக் கலங்கிப் போவதும் உடம்பின் இயல்பான போக்கு. நோய் இல்லை.

இப்போது அந்த சிரப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டாம் முறை படித்த இடம் அது. மெடிக்கலில் 'யூரின் எரிச்சல்' என்றதும் எடுத்துக் கொடுக்கிற சிரப்புகளில் பெரும்பாலானவை சிட்ரேட் உப்புகள். சிறுநீரைக் காரமாக்கி எரிச்சலைத் தணிப்பதற்குத்தான் அவை இருக்கின்றன. எரிச்சல் இருப்பவருக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். சில வகைக் கற்களுக்கு மருத்துவரே அதைத் தொடர்ந்து கொடுப்பதும் உண்டு. உங்களுக்கோ எரிச்சலே இல்லை, சிறுநீரும் ஏற்கனவே காரம். அதன்மேல் ஒரு மாதமாகக் காரம் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். போதாததற்குச் சோடா உப்புப் பொடி, அதுவும் காரம்தான். கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் கார்பனேட், அதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். கலங்கலைப் போக்க வாங்கிய சிரப்பே கலங்கல் நிற்காமல் இருக்கக் காரணமாகியிருக்கிறது என்றுதான் உங்கள் ரிப்போர்ட்டையும் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

அதனால் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். சோடா உப்பையும் நிறுத்துங்கள். வாயுத் தொல்லை அடிக்கடி வருகிறது என்றால் அதற்கே ஒருமுறை மருத்துவரைப் பார்க்கலாம். கால்சியம் மாத்திரை யாராவது மருத்துவர் எழுதிக் கொடுத்ததென்றால் அவரைக் கேட்காமல் விடாதீர்கள். நீங்களாகக் கடையில் வாங்கியதென்றால் மூட்டு வலிக்குக் கால்சியம் மருந்தே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் மாத்திரையில் இரண்டு நாள் தெளிந்ததே என்று கேட்பீர்கள். இந்தக் கலங்கல் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் எல்லோருமே கூடுதலாகத் தண்ணீர் குடிப்போம், பத்தியமாகவும் சாப்பிடுவோம். தெளிந்ததற்கு அதுவே போதும். ஆனால் அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. சோதனை எதுவும் செய்யாமல், சீட்டு இல்லாமல், இரண்டு வகை ஆன்டிபயாட்டிக் உங்கள் உடம்புக்குள் போயிருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியமான காரணம் ஈ.கோலை என்ற கிருமி. சிப்ரோஃப்ளாக்சசின் போல ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்த மருந்துகளுக்கு, நம் நாட்டு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பாலானவை இப்போது கட்டுப்படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் இதைப் பார்க்கலாம். நாளைக்கு உங்களுக்கு உண்மையாகவே தொற்று வரும்போது எந்த மருந்து கேட்கும் என்பது இன்று தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரையையும் பொறுத்தது.

அந்தக் காலத்தில் சின்ன ஊர் மருத்துவமனைகளில்கூட இதற்கு ஓர் எளிய சோதனை செய்வார்கள். கண்ணாடிக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து, மேல் பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்குவார்கள். மேலே வெண்மை படர்ந்தால் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார்கள். பட்டென்று தெளிந்தால் ஃபாஸ்பேட், தெளியாமல் நின்றால் அல்புமின் என்ற புரதம். ஒரே வெண்மைதான், ஆனால் ஒன்று சும்மா போகிற உப்பு, மற்றொன்று சிறுநீரகம் பழுதாவதன் அடையாளம். இன்று சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைச் சோதனையும் நுண்ணோக்கியும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் அல்புமின் இல்லை என்று வந்திருப்பதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

டயாலிசிஸ் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழப்பதைச் சிறுநீரின் தெளிவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நாள்பட்ட சிறுநீரக நோயில் பலருக்குச் சிறுநீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் போகும். நோய் பாதி தூரம் வந்த பிறகும் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்வது ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவும், சிறுநீரில் அல்புமின் அளவும்தான். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். கலங்கலைவிட நுரையைக் கவனியுங்கள் என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு. போன வேகத்தில் எழும் நுரை சற்று நேரத்தில் அடங்கிவிடும். தினமும், தண்ணீர் ஊற்றியும் போகாமல் நிற்கிற நுரையானால் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மன நிம்மதிக்காக கிரியாட்டினின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதிகச் செலவில்லை, அரசு மருத்துவமனையிலும் பார்ப்பார்கள்.

இவ்வளவு சொல்லியும் உங்களிடம் ஒரு கல்ச்சர் பரிசோதனை (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். காரணம் இருக்கிறது. சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அப்போதும் சிறுநீர் காரமாகும், ஃபாஸ்பேட் திரியும், நாளடைவில் கல்லும் வளரும். சீழ் அணுக்கள் குறைவு, ஸ்கேனும் சுத்தம் என்பதால் உங்களுக்கு அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயத்தில் எடுத்த ரிப்போர்ட்டாக இருந்தால் சீழ் அணுக்கள் குறைந்து காட்டியிருக்கலாம். எனவே மாத்திரை, சிரப் எல்லாம் நிறுத்தி ஒரு வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் சாதாரணச் சோதனையும் கல்ச்சரும் சேர்த்து எடுங்கள். அப்போதும் திரும்பத் திரும்பக் காரமாகவே வந்தால் மருத்துவர் மேற்கொண்டு சில ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதிப் பேருக்குக் கோளாறு நடக்கிறது. வீட்டில் இருக்கும் மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். லேபில் கொடுக்கும் மூடி போட்ட டப்பாவையே வாங்குங்கள், உள்பக்கம் விரல் படக் கூடாது. முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடித்து, கடைசியையும் வெளியே விட்டுவிடுங்கள். வெள்ளைப்படுதல் இருந்தால் அதுவும் சேர்ந்து சிறுநீரைக் கலங்கலாகக் காட்டும், ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல்கள் நிறைய என்று வரும். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ந்தாக வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். காலையில் எடுத்து வெயிலில் பஸ் ஏறி மதியம் கொண்டு போய்க் கொடுத்தால் வழியிலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சகோதரி. எவருடைய சிறுநீரும் நேரம் ஆக ஆகக் கலங்கும். குளிர்ந்தால் யூரேட் உப்பு இளஞ்சிவப்பாகச் செங்கல் பொடி போலத் தங்கும், அதைப் பார்த்து ரத்தம் என்று பதறி வருபவர்கள் உண்டு. போகும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

யானைக்கால் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் வந்ததில் தவறே இல்லை. தஞ்சை டெல்டாவில் கும்பகோணம் பகுதி அதற்குப் பேர்போன இடம். கொசுக்கடியில் உடம்புக்குள் போகும் யானைக்கால் புழு, நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைப் பழுதாக்குகிறது. காலிலிருந்து வரும் குழாய் அடைபட்டால் கால் வீங்கும். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீர் வழி மாறிச் சிறுநீர்ப் பாதைக்குள் கசிந்தால் சிறுநீர் வெள்ளையாகப் போகும். புழு உடம்பில் நுழைந்து பல ஆண்டுகள் கழித்தும், கால் வீக்கமே இல்லாதவருக்கும் இது வரலாம். 2004 முதல் தேசிய அளவில் ஆண்டுதோறும் டிஇசி என்ற யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுத்து வந்ததால் நோய்ப் பரவல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பழைய பாதிப்போடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வெண்மை வேறு மாதிரி இருக்கும். கழுநீர் மாதிரி இராது, அசல் பால் மாதிரி இருக்கும். வைத்தால் அடியில் மாவு தங்காது, சில சமயம் தயிர்க்கட்டி போல உறைந்து சிறுநீரை அடைத்துக்கொள்ளவும் செய்யும். எண்ணெய்ப் பலகாரம், நெய், கறி சாப்பிட்ட பிறகு கூடும், கொழுப்பை நிறுத்தினால் தெளியும். இளஞ்சிவப்பாகவும் போகலாம். மாதக்கணக்கில் போனால் கொழுப்பும் புரதமும் வீணாகி ஆள் மெலிந்துவிடுவார். சிறுநீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அல்புமின் சோதனையிலும் அகப்படும். உங்களுக்கு அல்புமின் இல்லை, பொடி அடியில் தங்குகிறது, எடை குறைந்ததாகவும் எழுதவில்லை. அதனால் இது அதுவல்ல என்றே சொல்வேன். உங்கள் ஊரில் யாருக்காவது நான் சொன்ன மாதிரி பால்போலப் போனால் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவரிடம் அனுப்புங்கள். உணவில் மாற்றம், மருந்து, கசிகிற இடத்தை அடைக்கும் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன.

உங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை, கடையில் கழிப்பறை இல்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று என்னிடம் சொல்லும் பெண்கள் ஏராளம். ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், ஆசிரியைகள், பஸ்ஸில் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே பிரச்சினை. குறைவாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி எந்த உப்பும் எளிதில் திரியும், தொற்றுக்கும் கல்லுக்கும் வழி திறக்கும். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் முதலானவற்றைக் குடித்துக்கொண்டு, அடிக்கடி தொற்றுக்கு ஆளாகிவந்த பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்கள் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்குக் குடித்தால் போதும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. வாழைத்தண்டு, பார்லி கஞ்சி, இளநீர் எல்லாம் உணவாகச் சாப்பிடலாம், நல்லதுதான். காய்ச்சலும் இடுப்பு வலியுமாக இருக்கும்போது வாழைத்தண்டுச் சாறு குடித்து நான்கு நாள் கடத்துவதைத்தான் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது மகன். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 20 வயதுப் பையன், கலங்கல், லேகியம், வாய் திறக்க மறுப்பு, இத்தனையும் சேர்ந்தால் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 'தாது போகிறது, உடம்பு உருகிவிடும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடுவோம்' என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து முகாம் போட்டு, சுவரில் போஸ்டர் ஒட்டி, இந்தப் பயத்தை வைத்தே பிழைப்பவர்கள் தலைமுறைக்கும் இருக்கிறார்கள். இளைஞர்கள் தாது என்று நினைத்துப் பயப்படுவது பெரும்பாலும் நான் மேலே சொன்ன அதே ஃபாஸ்பேட் உப்பு. வளர்கிற வயது, நல்ல சாப்பாடு, சாப்பிட்ட பிறகு கலங்கல், அவ்வளவுதான். தூக்கத்தில் விந்து வெளியேறுவதோ சுய இன்பமோ உடம்பை உருக்காது. எலும்பு தேயாது, நினைவு மங்காது. முகவரியில்லாத லேகியங்களில் சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிற பையனுக்கு அதனாலேயே சிறுநீரகம் கெடலாம். இந்தப் பக்கத்தை அவனிடம் படிக்கக் கொடுங்கள். அப்பாவோ மாமாவோ, யாரிடம் அவன் மனம் விட்டுப் பேசுவானோ அவரோடு ஒரு மருத்துவரிடம் அனுப்புங்கள். உள்ளே பேசும்போது அவன் தனியாக இருக்கட்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல், உறுப்பின் நுனியில் சீழ் அல்லது ஈரக்கசிவு, விதைப்பையில் வலி இருந்தால் அது பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, மாத்திரையிலேயே குணமாகிவிடும். துணை இருந்தால் இருவருமே சிகிச்சை எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, சோதனையும் மருந்தும் இலவசம்.

உங்களுக்கே இனி எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால்: கலங்கலோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்புறம் வலி, வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றே. எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி முட்டுவது என்றால் ஓரிரு நாளுக்குள், மாத்திரை எதுவும் சாப்பிடுவதற்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிட்டு. சிறுநீரில் ரத்தம் ஒரே ஒருமுறை, வலியே இல்லாமல் போய்த் தானாக நின்றுவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். 40 தாண்டியவர்களுக்கும் பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக் கூடும். சிறுநீரோடு காற்றுக் குமிழி வருவது, மலத்தின் நாற்றம் அடிப்பது அபூர்வம். வந்தால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்குக் கணக்கே வேறு. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி வந்தால் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் சிறுநீரகத் தொற்றுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும். கைக்குழந்தைக்குச் சளி இருமல் ஏதுமில்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒன்று வயதானவர்கள் விஷயத்தில் நடக்கிறது. உங்கள் அத்தை குணமாகி வீடு திரும்பிய பிறகு ஆறு மாதம் கழித்து வழக்கமான சோதனையில் 'பாக்டீரியா இருக்கிறது' என்று ரிப்போர்ட் வரலாம். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், பேரனிடம் சண்டை போடுகிறார் என்றால் அந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து வேண்டாம். முதிய பெண்களில் பலருக்கும், சிறுநீர் போக நீண்ட நாளாகக் குழாய் (கதீட்டர்) வைத்திருக்கிற அநேகமாக எல்லோருக்குமே, கிருமி சும்மா இருந்துகொண்டிருக்கும். அதைத் துரத்தித் துரத்தி மருந்து கொடுத்தால் நிஜத் தொற்று வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

எந்த டாக்டரிடம் போவது என்று குழம்ப வேண்டாம். முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அல்லது பொது மருத்துவரே போதும். கல், அடைப்பு, ரத்தம், பால் போன்ற சிறுநீர் என்றால் அவர் யூராலஜிக்கு அனுப்புவார். கிரியாட்டினின் கூடினாலோ அல்புமின் போனாலோ நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவம்). வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தால் மகளிர் மருத்துவர். போகும்போது எத்தனை நாளாக, எந்த நேரத்தில் அதிகம், என்னென்ன மாத்திரை, சிரப், பொடி சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய ரிப்போர்ட்டையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் கொடுத்த மாத்திரையின் பெயர் நினைவில்லை என்றால் அட்டையையே கொண்டு போங்கள். கல்ச்சர் முடிவு வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அத்தை எப்படி இருக்கிறார் என்பதையும் சேர்த்து.